காட்டுக்கு எந்தப் பக்கம் வீடு எடுப்பது

சாம்பியன் ரீஃப் மனோகர் என்றால் பெங்களூர் ரயிலில் போகிற ஆட்களுக்கு உடனே தெரியும். மற்றவர்களுக்கு முறை சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். நந்திதுர்க் மைன்ஸில், அந்தத் தங்கச் சுரங்கத்தில், மரம் வைத்து முட்டுக்கொடுக்கிற டிம்பர் வேலை பார்த்த ராஜப்பா இருந்தாரே, குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அவருடைய இரண்டாவது பிள்ளை. மூத்தவன் காய்ச்சலில் சின்ன வயதிலேயே போய்விட்டான். அடுத்தது ஒரு தங்கை, வாணியம்பாடியில் கொடுத்திருக்கிறது. மனோகர் கட்டினது பங்காருப்பேட்டை பாப்பம்மாவின் கடைசிப் பெண் சரோஜம்மாவை. அந்தச் சரோஜம்மாவின் அக்காளைக் கட்டியவர் சிவகுமார். பெரிய ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார். இந்த முறைகளைப் பிடித்துக்கொண்டால் போதும். இதில் வேறு சொந்தம் வராது.

இருபத்தைந்து வயதில் மைன்ஸில் இறங்கினவன் பதினொரு வருஷம் ஷிஃப்டு பார்த்தான். இரண்டாயிரத்து ஒன்றில் மூடினார்கள். பிறகு ஊரில் எல்லோரும் செய்ததையே அவனும் செய்தான். ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டியாக நின்றான். இருபத்திரண்டு வருஷம் அப்படி.

அந்த ரயில் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது சாம்பியன் ஸ்டேஷன். ஆனால் அங்கே ஏறினால் நிற்கத்தான் இடம். வண்டி புறப்படுவது கடைசியில் இருக்கிற மாரிகுப்பத்தில். அதனால் மனோகர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெங்களூருக்குப் போகிறவன் பெங்களூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாரிகுப்பத்துக்கு நடப்பான். அங்கே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் மூன்று மணி நேரம் ராஜா. சாம்பியனிலும் ஊர்காமிலும் கோரமண்டலிலும் ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறும்போது அவன் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருப்பான். புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒன்றுதான் சொல்வான்: "நடுவுல நிக்காத. லைன் எங்க முடியுதோ அங்க போயி நில்லு."

ஐம்பத்தெட்டு வயதானதும் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் இருந்தான். நாலு மணிக்கு விழிப்பு மட்டும் நிற்கவில்லை. எழுந்து கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான். பால்காரர் வந்தால் எழுந்து நிற்பான்.

"எங்கூட்டுல செக்யூரிட்டி போட்டிருக்கோம்" என்று சரோஜம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். "சம்பளம் கெடையாது, மூணு வேள சோறு."

அவனும் சிரித்தான். ஆனால் அது அவனுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது.

அப்போதுதான் பல்லவி ஃபோன் பண்ணினாள். ஒரே மகள். பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி, ஆட்களைக் காடு மலையென்று சுற்றிக்காட்டக் கூட்டிப்போகிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முதலாளி ரூபேஷ் சின்னப் பையன்தான், முப்பத்திரண்டு வயது.

"அப்பா, மைசூருக்கு அந்தாண்ட புலிக்காடு இருக்குல்ல, அதாண்ட ஒரு வீட்ட முழுசா வாடகைக்கு எடுக்கப் போறோம். கெஸ்ட்டுங்க வந்து தங்குவாங்க, காலைல சாயந்திரம் கைடோட சஃபாரி போவாங்க. நீயும் அம்மாவும் அங்கியே இருந்து பாத்துக்கணும்."

"நானா? யானை எந்தப் பக்கம் சாப்புடும், எந்தப் பக்கம் ஒதைக்கும்னே எனக்குத் தெரியாதேம்மா."

"யானைய கைடு பாத்துக்குவாரு. நீ வீட்டப் பாரு. மூணு வீடு சொல்லியிருக்காங்க. நீயே நேர்ல போயி எதுன்னு பாத்துச் சொல்லு. காலைல மொத சஃபாரி தவறவே கூடாது, அதுக்குத்தான் ஜனங்க வராங்க. எங்கப்பா பாத்தா கரெக்டா இருக்கும்னு ரூபேஷ் சார்கிட்ட சொல்லிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட ரயில விட்டதில்லன்னு சொன்னேம்ப்பா. அதக் கேட்டுத்தான் அவரு ஒத்துக்கினாரு."

புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை முதல் பார்ட்டி, நாலு குடும்பம், பதினோரு பேர். வீடு சரியாக அமைந்தால் மனோகருக்கு வேலை. அமையாவிட்டால் கதவருகே நாற்காலி. அதுகூடப் பரவாயில்லை, பல்லவி சொன்ன சொல் போய்விடும்.

முதலில் சிவகுமாரிடம் போனான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொபைலில் மேப்பைத் திறந்து விரலால் பெரிதாக்கினார்.

"இது பச்ச. பச்சன்னா காடு. மூணாவது வீடு பச்சைக்குள்ளியே இருக்குது பாரு. மொத வீடு பச்சைக்கு பத்து கிலோமீட்டர் வெளிய."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது பச்ச மேல மூக்க வெச்சிகினு இருக்குது."

"அப்ப எது சகலை நல்லது?"

"அது நீ எதுக்குப் போறன்றதப் பொறுத்து."

"சஃபாரிக்கு."

"சஃபாரிக்குன்னா..." என்று சிவகுமார் மேப்பை இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. "அங்க போனா தெரியும்" என்றார்.

மனோகர் விடவில்லை. "மைன்ஸ்ல ஒரு ஷாஃப்டுல எறங்குனா இன்னொரு ஷாஃப்டுல ஏறலாம். உள்ள எல்லாம் ஒண்ணு. காடும் அப்டித்தான இருக்கும்? எந்தப் பக்கம் நொழஞ்சா இன்னா?"

"இருக்கும்" என்றார் சிவகுமார். அவர் இருக்கும் என்று சொன்னால் தெரியாது என்று அர்த்தம். மனோகருக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாகப் புறப்பட்டு மைசூரில் இரவு தங்கி, புதன்கிழமை காலை முதல் வீட்டுக்குப் போனார்கள். காட்டுக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் ஒரு சந்தை ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி வீடு, ஆறு அறைகள். வீட்டுக்காரி மமதா கீழே குடியிருந்தாள். கன்னடக்காரி, தமிழும் வரும்.

"பன்னி, பன்னி, உள்ள வாங்க" என்று கன்னடமும் தமிழுமாகக் கூப்பிட்டு, செம்பு அண்டாவுக்குக் கீழே விறகு வைத்துக் காய்ச்சுகிற வெந்நீரைக் காட்டினாள். டாக்டர் வீடு எதிரே. காய்கறிக் கடை அடுத்த வாசல். சரோஜம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

"இதையே எடுத்துக்கலாம்யா."

"காடு எங்கமே இருக்குது இங்க? பஸ் ஸ்டாண்டப் பாக்கறதுக்கு ஜனங்க அம்மாந்தூரத்துலருந்து வருவாங்களா?"

"கொரங்கு இருக்குது" என்றாள் மமதா, விட்டுக்கொடுக்காமல். "தினமும் வரும்."

இரண்டாவது வீடு காட்டின் கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னால். மூன்றே அறை, கக்கூஸ் வெளியே. லாரிகள் வாசலிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சரோஜம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

கொஞ்சம் தள்ளிப் போனால் சஃபாரிக்குச் சீட்டுக் கொடுக்கிற கவுன்ட்டர். மத்தியான சஃபாரிக்கு நேரம் நெருங்கியிருந்தது. ஷீட்டுக் கொட்டகைக்குக் கீழே நூறு பேர் இருப்பார்கள். குழந்தைகளும் கேமராக்களும் தொப்பிகளுமாக ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பச்சை வண்டி வந்து நின்றதும் எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும், இத்தனை நாள் குழம்பியிருந்த மனோகருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. காலை ஆறு மணி ஊர்காம் ஸ்டேஷன் இப்படித்தான் இருக்கும்.

"இது நடு ஸ்டேஷன்மே" என்றான் மெதுவாக, மற்றவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல. "அதான் இவ்ளோ கும்பல். லைனு அந்தக் கோடியில முடியுது. மூணாவது வீடு அங்கதான் இருக்குது."

"யாரையாச்சும் ஒரு வார்த்த கேளுய்யா."

"கேட்டா இன்னா சொல்லுவான்? இங்கியே நில்லுன்னுவான். சாம்பியன்ல நிக்கறவன் மாரிகுப்பம் போன்னு யாருக்கினா சொல்லியிருக்கானா?"

சரோஜம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். யாரும் சொன்னதில்லைதான்.

மூன்றாவது வீட்டுக்குப் போகிற பஸ் காட்டுக்கு நடுவாகப் போனது. முக்கால் மணி நேரம். கேட்டில் ரோட்டை மறிக்கிற ஒரு சங்கிலி, மறுகோடியில் ஒரு சங்கிலி. அதைத் தாண்டினதும் ஒரு ஏரி, இருபது வீடு, ரோடு முடிந்தது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு பஸ்ஸைத் திருப்பச் சொன்னார். மனோகர் ரோடு முடிகிற இடத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். மனசு நிறைந்துவிட்டது.

வீட்டுக்காரர் சிரில், எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எட்டு அறை, தோட்டம், வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள். ஏரிக்கரையில் யானை வந்துபோன தடம் சட்டி சட்டியாகப் பதிந்திருந்தது.

"இங்க தங்கற கெஸ்ட்டு காலைல சஃபாரி போறாங்களா?" என்று மனோகர் கேட்டான்.

"சஃபாரிக்குப் போகாம? எல்லாரும் போறாங்க" என்றார் சிரில்.

அப்போதே பல்லவிக்கு ஃபோன் போட்டான். "மூணாவது வீடும்மா. கண்ண மூடிகினு எடு."

"நல்லா விசாரிச்சியாப்பா?"

"உங்கப்பன் இந்த வேலையத்தான் இருபத்திரண்டு வருஷமா பண்ணான்."

சாயங்காலத்துக்குள் ரூபேஷ் அந்த ஏரியையும் மான்களையும் நாலு குடும்பத்துக்கும் படம் அனுப்பிவிட்டான்.

அன்றிரவு சிரில் வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாள் நாலு மணிக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. நாமே ஒரு தரம் போய்ப் பார்த்துவிடுவோம், முதல் வண்டியில் முதல் சீட்டு என்று நினைத்து, சரோஜம்மாவையும் எழுப்பி ஸ்வெட்டர் போடச் சொல்லி, ஐந்து மணிக்கு ரோடு முடிகிற இடத்தில் போய் நின்றான். நாய் ஒன்றுதான் கூட நின்றது. ஐந்தரை ஆனது. வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

"கும்பல் இல்ல பாத்தியா" என்றான் பெருமையாக.

"வண்டியும்தான் இல்ல" என்றாள் சரோஜம்மா.

சங்கிலிப் பக்கம் நடந்தார்கள். அங்கே காவல் இருந்த வாட்சர் ஒருவன் டார்ச் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். யானை திரிகிற இடத்தில் இப்படி நடக்கிறீர்களே என்று கன்னடத்தில் திட்டிவிட்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்டான்.

"சஃபாரி வண்டிக்கு நிக்கறோம்" என்றான் மனோகர், அவனும் கன்னடத்தில்.

"அது அந்தப் பக்கத்துக் கேட்டுலதான இருக்கு?"

"அது தெரியும். இங்கருந்து எத்தன மணிக்குப் பொறப்படும்?"

"இங்கருந்தா? இங்க வராதே. அங்கருந்து போயி, சுத்திட்டு, அங்கியேதான் வந்து நிக்கும்."

மனோகர் சங்கிலிப் பக்கம் கையைக் காட்டினான். "சரி. நாங்க அங்க போகணும்னா?"

"ஆறு மணிக்குச் சங்கிலி எடுப்போம். அதுக்கு முன்னால ஒரு வண்டியும் விட மாட்டோம், ராத்திரியில மிருகம் நடமாடற ரோடு. ஆறுக்கு விட்டா முக்கா மணி நேரத்துல போயிடலாம்."

"அங்க மொத சஃபாரி எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

மனோகர் விரலை மடக்கிப் பார்த்தான். சங்கிலி எடுப்பது ஆறு மணி. வண்டி போவது ஆறு மணி. நடுவில் முக்கால் மணி நேரம் காடு. எப்படி மடக்கினாலும் விரல் அதே இடத்தில் வந்து நின்றது.

திரும்பி வந்து சிரிலை எழுப்பினான். "எல்லாரும் காலைல சஃபாரி போறாங்கன்னு சொன்னீங்களே?"

"போறாங்களே" என்றார் சிரில் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "முந்தின நாளே இங்க காலி பண்ணிட்டு அந்தப் பக்கம் போய்த் தங்கிக்குவாங்க. நீங்க அதக் கேக்கலையே."

சரோஜம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை.

முதல் பஸ்ஸில் ஏறி கவுன்ட்டருக்கு வந்தார்கள். வண்டிகள் போய்விட்டிருந்தன. கொட்டகை காலியாக இருந்தது. உள்ளே இருந்த கிளார்க்கிடம் மனோகர் இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டான். சீட்டு நம்பர் முன்கூட்டியே போட்டுவிடுவார்களாம். முதலில் வந்து நின்றாலும் கடைசியில் வந்து நின்றாலும் அவரவர் நம்பரில்தான் உட்கார வேண்டுமாம்.

"அப்ப மொதல்ல வந்து நிக்கறவனுக்கு இன்னா லாபம்?"

கிளார்க் யோசித்தான். "நிக்கலாம்" என்றான்.

வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தான் மனோகர். மைன்ஸ் மூடினபோதுகூட இப்படி உட்காரவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்றாவது புரிந்தது.

"காட்டுக்குள்ள இருக்கற வீட்லருந்து காட்டுக்குப் போக முடியாது" என்றான். "காட்டாண்ட இருக்கற வீட்ல படுக்க முடியாது. காடே இல்லாத ஊர்லருந்துதான் காட்டுக்குப் போக முடியும். இது இன்னாமே நாயம்?"

"நாயம் எனக்குத் தெரியாதுய்யா. மமதா வீட்லருந்து அஞ்சு மணிக்குக் கெளம்புனா காபி குடிச்சிட்டு வந்துடலாம். நடுவுல சங்கிலி இல்ல."

"ஏரி இல்லியே. மான் இல்லியே."

"மானப் பாக்கத்தான இந்த வண்டியில போறாங்க? ஊட்லயும் எதுக்கு மானு?"

அவனுக்கு அதுவும் சரியாகப் பட்டது, முன்னால் நினைத்ததும் சரியாகப் பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்றுதான் தெரியவில்லை. ஃபோனை எடுத்தான்.

பல்லவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, நேத்து தானே கேட்டேன்? நான் சார்கிட்ட இன்னான்னு சொல்றது?" என்றாள்.

"நீ சொல்லாத. அவர்கிட்ட குடு."

ரூபேஷ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அங்கிள், ஃபோட்டோ போயிடுச்சு. ஏரியப் பாத்துட்டுத்தான் நாலு குடும்பமும் உறுதி பண்ணாங்க. இப்ப வேற வீடுன்னா நான் எப்டி சொல்றது? நீங்களே அவங்களுக்கு ஃபோன் பண்ணுங்க. நடந்தத நீங்களே சொல்லுங்க. ஒரு குடும்பம் வேணாம்னா நான் சமாளிச்சுக்கறேன். ரெண்டு போச்சுன்னா இந்த ஏற்பாடே வேணாம் அங்கிள். பல்லவிய இனிமே இந்த மாதிரி எதுலயும் நான் கேக்கவும் மாட்டேன்."

மமதாவின் மாடிக்கு வந்து, ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நாலு நம்பரையும் பெரிதாக எழுதிக்கொண்டான். கம்பெனிக்கு வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு வருஷம் கதவைத் திறந்துவிட்டவன், அவர்களில் ஒருவரோடும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினதில்லை. சரோஜம்மா தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

முதல் நம்பர் சேலத்துக்காரர். எல்லாம் கேட்டுவிட்டு, "சஃபாரி உண்டுல்ல? அப்புறம் எந்த வீடா இருந்தா என்னங்க" என்று வைத்துவிட்டார். மனோகருக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாவது ஒரு பையன் குரல். ஏரி இல்லை என்றதும் மேலே கேட்கவேயில்லை. "ஏமாத்து வேலை. கேன்சல்" என்றான். டொக்கென்று வைத்தான்.

மூன்றாவது ஒரு வாத்தியார். புலி நிச்சயம் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று கிளார்க் சொன்னதை மனோகர் அப்படியே சொன்னான். வாத்தியார் வீட்டுக்குள் யாரிடமோ சத்தமாக விசாரித்துவிட்டு, வருகிறோம் என்றார்.

நாலாவது நம்பருக்கு முன்னால் மனோகர் தண்ணீரை முழுக்கக் குடித்தான். எடுத்தது ஒரு அம்மாள், சென்னையிலிருந்து. நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். ஏரிப்பக்கத்து வீடு, சங்கிலி, ஆறு மணி, தான் யாரையும் கேட்காமல் முடிவு செய்தது, எல்லாம் சொன்னான். ரயில் விஷயத்தையும் சொல்லிவிட்டான், அதை ஏன் சொன்னோம் என்று பிறகுதான் தோன்றியது.

"நேத்து அந்த வீடுன்னாங்க, இன்னிக்கு இந்த வீடுங்கறீங்க" என்றாள் அந்த அம்மாள். "நாளைக்கு இன்னொண்ணு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? இது சரியான வீடுதானா?"

பதில் தேடி மனோகர் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டு, காய்கறிக் கடை, டாக்டர் வீட்டுப் போர்டு. காடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

"சரியான வீடான்னு எனக்கே தெரியலம்மா" என்றான். "மூணு நாளா தல சுத்துது. ஆனா காலைல மொத வண்டி உங்கள விட்டுட்டுப் போவாது. அஞ்சு மணிக்கு நானே வந்து கதவத் தட்டி உங்கள ஏத்தி விடுவேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

சரோஜம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தையும் வராங்க" என்றாள் அந்த அம்மாள் கடைசியில். "எழுபத்தாறு வயசு. பச்சத் தண்ணியில குளிக்க மாட்டாங்க. வெந்நீர் இருக்குமா?"

"ஒரு நிமிசம்மா" என்று சொல்லிவிட்டு மனோகர் ஃபோனை வைக்காமலே படிக்கட்டுக்கு ஓடி, கீழே மமதாவைப் பார்த்து, காலை நாலரைக்கு அண்டாவுக்கு விறகு வைக்க முடியுமா என்று கத்திக் கேட்டான்.